பத்தாவது பந்துக்குப் பிறகு

ராத்திரி மணி பதினொன்றே கால். மைதானத்திலிருந்து ஊருக்குப் போகிற ஒரே சாலையில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். அந்தச் சாலையில் வீடு கிடையாது, விளக்கு கிடையாது. எங்கள் கார்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. மின்சாரமும் போய்விட்டது. பழைய உடைமாற்றும் அறையில், ஒரே ஒரு பேட்டரி விளக்கைச் சுற்றி நாங்கள் பதினாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை அந்த அறையை இடிக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் புதுக் கட்டடம் வரும். அதற்கு எங்கள் பழைய கோச்சின் பெயர். அதற்காகத்தான் இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் இந்தப் பள்ளியில் கால்பந்து ஆடியவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினொரு பேரில் ஐந்து பேர் வந்தோம். மற்ற நால்வரும் மனைவி, பிள்ளைகளோடு. நான் தனியாக.

பக்கத்து அறை பந்துகள் வைக்கிற கிடங்கு. போன வாரமே காலி செய்துவிட்டார்கள். ஆனாலும்... ஊறின தோல் வாசனை வந்துகொண்டே இருந்தது.

எங்கள் பழைய கேப்டனின் பையன் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினான். பதினைந்து வயது. சட்டைக் கை மேலே ஏறியது. புஜத்தில் ஒரு வட்டம். நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் கன்றி, மஞ்சள் பூக்கத் தொடங்கியிருந்தது.

நான் ஆஸ்பத்திரிப் பிணவறையில் உதவியாளன். இருபது வருடமாகக் காயங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். வேகமாக வந்த பந்து அப்படித்தான் அடையாளம் வைக்கும். நிறத்தைப் பார்த்தால் ஆறு நாள் இருக்கும்.

“கையில என்ன தம்பி?”

“மாடிப்படியில விழுந்துட்டேன் மாமா.”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மனப்பாடம் செய்த பாடம் மாதிரி.

“ஒரே வாரத்துல ரெண்டு தடவை விழுந்திருக்கான் அண்ணா,” என்றாள் கேப்டனின் மனைவி. “இதே ஸ்கூல் டீம்ல கோல்கீப்பரா சேர்த்ததுல இருந்து இவனுக்குக் கால் தரையில நிக்கல.”

கேப்டன் சிரித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

அவனுடைய சின்ன மகள்தான் ஆரம்பித்தாள். “மாமா, பேய்க் கதை சொல்லுங்க மாமா. நீங்கதான் செத்தவங்களோடயே இருக்கீங்களாமே.”

“ஆமா கண்ணு,” என்றான் கொக்கு. அந்தக் காலத்தில் எங்கள் இடது கோடி ஆட்டக்காரன். கழுத்து நீளம். இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். “நான் மருந்து கொடுத்துக் கைவிட்டதெல்லாம் இவன்கிட்டதான் போகும். இவன் கஸ்டமர் யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அவனை விடுங்கப்பா. நான் சொல்றேன்,” என்றான் கேப்டன்.

“இல்ல, நானே சொல்றேன்,” என்றேன். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட தம்பிக்கு நடந்தது.”

சிரிப்பு நின்றது. நான்கு ஆண்களின் சிரிப்பு மட்டும். அந்தத் தெரிந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. என் வாயை அடைக்க வேண்டுமென்றால், எதற்கு அடைக்கிறோம் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

நான் சொன்னேன்.

ஒரு பள்ளிக்கூடம். ஒரு கால்பந்து டீம். அந்த டீமில் புது கோல்கீப்பருக்கு ஒரு வரவேற்பு உண்டு. அதன் பெயர் ‘பதினொன்று’. முந்தின ராத்திரியே பதினொரு தோல் பந்துகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். காலையில் ஒவ்வொன்றும் கல் மாதிரி கனக்கும். புதுப் பையன் தன் கைகளை ஜெர்சிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். வெறுமையாகத் தொங்குகிற இரண்டு சட்டைக் கைகளையும் அவனுக்குப் பின்னால், கிடங்குச் சுவரில் வலை மாட்டுகிற கொக்கியில் முடிச்சுப் போடுவார்கள். ஆறடி தூரம். ஆளுக்கு ஒரு உதை. கேப்டன் முதலில் உதைத்துவிட்டுப் பெஞ்சு மேல் நின்று எண்ணுவான்.

பையன் சத்தம் போடக் கூடாது. போட்டால்... மறுபடி ஒன்றிலிருந்து.

“அய்யோ,” என்றாள் சின்னவள். அம்மாவின் மடியில் நெருங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் வந்த பையனின் அண்ணனும் அதே டீமில் இருந்தான். அண்ணன் தம்பி என்றால் அண்ணன் கடைசியாக உதைக்க வேண்டும். அதுவும் ஒரு விதி.

முதல் பந்து தோளில். இரண்டாவது வயிற்றில். நான்காவது முகத்தில். மூக்கு உடைந்தது. ரத்தம் வாய்க்குள் போயிற்று. அதை அவன் துப்பவில்லை, விழுங்கினான். துப்பினால் சத்தம் வரும். பக்கத்து அறையில் கோச் இருந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பந்துக்குப் பிறகு ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடியது.

ஏழாவது காதில். ஒன்பதாவது விலாவில்... சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது எலும்பு போட்ட சத்தம், பையன் போட்டதில்லை. அதனால் கணக்கில் சேரவில்லை. பத்தாவது நடு நெஞ்சில்.

பத்தாவதுக்கு அவன் வாய் திறந்துவிட்டான்.

“மறுபடி. ஒண்ணு,” என்றான் பெஞ்சு மேல் நின்றவன்.

இரண்டாவது சுற்றில் மூன்றாவது பந்துக்கு ஒரு பல் தெறித்துப் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. ஆறாவதுக்கு முழங்கால் மடங்கியது. ஆனால் அவன் விழவில்லை. சட்டைக் கைகள் கொக்கியில் இருந்தன. எட்டாவதுக்குப் பிறகு தலை நிமிரவில்லை. ஒன்பது. பத்து. யாரும் போதும் என்று சொல்லவில்லை. இப்போது சத்தமே இல்லையே... நல்லபடியாகத் தாங்குகிறான் என்று நினைத்தார்கள்.

பதினொன்று அண்ணனுடையது.

அவன் உதைத்தான். உதைக்காமல் நின்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று பயந்தான். இது ஒன்று முடிந்தால் தம்பியை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தான். பத்தாவது பந்து பட்ட இடத்திலேயே அவன் பந்தும் பட்டது, அதே நடு நெஞ்சில். அவிழ்க்கப் போனபோதுதான்... கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

கோச் வந்தார். பார்த்தார். கதவைச் சாத்தினார். “கேலரிப் படியெல்லாம் ஒரே ஈரமா இருக்கு,” என்றார். அவ்வளவுதான். அவர் திரும்பிப் போய் ரேடியோவை நிறுத்துவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நான்கு பேர் தூக்கினார்கள். கால் பக்கம் அண்ணன்.

படியில் விழுந்துவிட்டான் என்று பதினொரு பேரும் சொன்னார்கள். அம்மாவிடம் அண்ணனே சொன்னான். அவர்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது. ஆனாலும் அந்த அம்மா அதற்குப் பிறகு ஈரத்தரையைக் கண்டால் அதைத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். சாகிற வரை. ஒன்பது வருடம்.

“பேய் எங்க மாமா?” என்றாள் சின்னவள். குரல் உள்ளே போயிருந்தது.

பேயை யாரும் பார்த்ததில்லை. கேட்டவர்கள் உண்டு. மறு வருடம் ஒரு ராத்திரி மைதானத்துக் காவல்காரர் கிடங்கைப் பூட்டப் போனார். பூட்டின பிறகு உள்ளே ஒரு சத்தம். தொப். ஈரப் பந்து சுவரில் படுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தொப். அவர் எண்ணினார். பத்து. அப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி. அப்புறம்... மறுபடி ஒன்றிலிருந்து. விடிகிற வரை அப்படியே. பதினொன்று வரவேயில்லை. அவர் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனவர், சம்பளம் வாங்கக்கூட வரவில்லை.

கோச் ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவரைக் கூடத்தில் கண்டெடுத்தார்கள். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. கீழே விழுந்து இறந்தார் என்று எழுதினார்கள். உடம்பைக் கழுவினவன் பார்த்தது வேறு. விலா எலும்புகள் ஒன்பது முறிந்திருந்தன. கன்னத்தில் பந்துத் தையலின் அச்சு, ஒவ்வொரு குத்தும் தனித்தனியாக. இரண்டு கைகளும் சட்டைக்கு உள்ளே இருந்தன. வெறும் சட்டைக் கைகள் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தன.

மழை மட்டும். கொக்கு சிகரெட்டை எடுத்தான். பற்ற வைக்கவில்லை. கேப்டனின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள்தான் கேட்டாள். “மாமா... பத்தாவது பந்துக்கு அந்த அண்ணா என்ன சத்தம் போட்டாங்க?”

“அது எனக்குச் சொல்ல வரல கண்ணு,” என்றேன்.

உண்மை அது. இருபத்து நான்கு வருடமாக அந்த ஒரு சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணான்னு கூப்பிட்டான்.”

கேப்டன். தலையைக் குனிந்தபடி பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மனைவி.

அவன் மகனைப் பார்த்தான்.

“உங்களைத்தான் கேக்கறேன். எப்படித் தெரியும்?”

“எண்ணினது நான்தான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். ‘அண்ணா’ என்பதுதான் எப்போதும் என்னை அவள் அழைக்கிற சொல். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

“நான்தான்மா,” என்றேன். “பதினொண்ணு என்னோடது.”

அப்போது பையன் எழுந்தான். விளக்குக்கு முன்னால் வந்து சட்டையை மேலே தூக்கினான். விலாவில் இரண்டு, வயிற்றில் ஒன்று. மூன்றும் வட்டம்.

“நானும் படியில விழலப்பா,” என்றான். “இது வெறும் ஒத்திகைன்னாங்க. வர்ற ஞாயித்துக்கிழமைதான் முழுசாம். சொன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்துன்னாங்க.”

கேப்டன் முழங்காலில் விழுந்து மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்...

தொப்.

கிடங்குச் சுவரில். எங்கள் முதுகுக்குப் பின்னால்.

பேட்டரி விளக்கு அணைந்தது. யாரும் கை வைக்கவில்லை.

தொப்.

ஊறின தோல் வாசனை மூச்சை அடைத்தது. குழந்தைகள்கூட அழவில்லை. மூன்று. நான்கு. ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து பெஞ்சில் விழுகிற சத்தம் கேட்டது. ஏழு. எட்டு. யாரோ முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். கொக்கு என்று நினைத்தேன். ஒன்பதாவதுக்கு, சுள்ளி முறிகிற அந்தச் சத்தமும் சேர்ந்து வந்தது.

பத்து.

ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி ஒன்றுக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

வரவில்லை.

அதற்குப் பதில் என் முகத்துக்கு நேரே குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. ஆறடி தூரத்திலிருந்து வருகிற மாதிரி. அடுத்த கணம் என் நடு நெஞ்சில் ஒரு அடி. கனமான, ஈரமான அடி. மூச்சு நின்றது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. வாய் தானாகத் திறந்தது... பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன்.

நான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

மின்சாரம் வந்தபோது மணி பன்னிரண்டரை. கிடங்கைத் திறந்தோம். காலி. தரை காய்ந்திருந்தது. சுவரில் மட்டும், கொக்கியைச் சுற்றி, ஒரு பையனின் நெஞ்சு உயரத்தில், ஈர வட்டங்கள். கேப்டனின் மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்து.

“எண்ணுனது நீயாடா?” என்று கொக்கிடம் கேட்டேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவன் என்று நினைக்கத்தான் எனக்கும் விருப்பம். அது உடையாத குரல். என் தம்பியின் பதினைந்து வயதுக் குரல்.

திங்கட்கிழமை காலையில் கேப்டன் மகனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். முதலில் தன்னுடையதைச் சொன்னான், பிறகு மகனுடையதைச் சொல்ல வைத்தான். அவனுக்கு அடுத்து நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கொக்கு மத்தியானம் வந்தான். மற்ற இருவர் இன்னும் வரவில்லை. அறை இடிபடவில்லை. புதுக் கட்டடத்துக்கு வைத்த பெயர்ப்பலகையைச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். பள்ளி விசாரணை நடக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது காயம் மட்டும்தான். முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் நீலம். ஐந்தாறு நாளில் மஞ்சள். இரண்டு வாரத்தில் ஒன்றும் இருக்காது. உயிரோடு இருக்கிற உடம்பில் அது தவறவே தவறாது. நிறம் மாறாத காயத்தைச் செத்தவர்களிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நான்கு மாதம் ஆகிறது. தினமும் காலையில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கண்ணாடியில் பார்க்கிறேன். நடு நெஞ்சில் அந்த வட்டம் இன்னும் முதல் நாள் சிவப்பாகவே இருக்கிறது. தொட்டால் விரல் ஈரமாகிறது.