தூறல் மாதிரி ஒரு சத்தம்

— ஏங்க, மீட்டரை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. நகருங்க.

— இன்னிக்கு மீட்டர் வேண்டாம். காதால கேட்டே இடைவெளியை வை.

— கட்டின பொண்டாட்டிக்கே பரீட்சையா? நான் போடுற ஓட்டையை லென்ஸ் வச்சுச் சோதிக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது.

— சோதிச்சுட்டுத்தான் கேக்குறேன். வை.

— சரி சரி... தொட்டியில எண்ணெய் நிரம்பிடுச்சா?

— நிரம்பிடுச்சு. பொறி விட்டு ஓட்டை போடுற குச்சி இறங்குது.

— மெதுவா இறக்குங்க! தலைமுடியைவிடச் சன்னம். தகட்டுல பட்டா வளைஞ்சுடும்.

— குச்சி தகட்டைவிட்டுத் தள்ளி நின்னா?

— பொறியே வராது, ஓட்டையும் விழாது. ஏன், நேத்து வேலைக்குச் சேந்தவர் மாதிரி...

— இடைவெளி சரின்னு எப்படித் தெரியும்?

— தகரத்துல தூறல் விழுற மாதிரி சத்தம் வரும். ‘மீட்டர் முள்ளு அசையறதுக்குள்ள இவ காது சொல்லிடும்’னு முதலாளியே சொல்லுவாரே.

— அது அப்போ.

— இப்போ மட்டும் என்னவாம்?

— காலையில அலாரம் கீச்சுன்னு அடிச்சு ஓஞ்சுது. பக்கத்துலயே நின்னே. திரும்பலை.

— ஏதோ யோசனைங்க...

— டாக்டர்கிட்ட போலாம்னாலும் வரமாட்டேங்கற.

— போனா இல்லாத வியாதியெல்லாம் சொல்லுவாங்க. அப்புறம் இந்த மெஷின் கிட்டயே என்னை விடமாட்டாங்க. வேற என்ன தெரியும் எனக்கு?

— ...சரி. இப்ப கேளு. எப்படி இருக்கு?

— ம்... கொஞ்சம் நெருக்கம். இருங்க, குமிழைத் திருப்புறேன்.

— இப்போ?

— இப்ப சரி. தூறல்தான்... அழகா விழுது.

— நிச்சயமா?

— நம்ம புள்ள மேல சத்தியமா! ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— நான் கரண்டே போடலடி. இறங்குதுன்னு சொன்னதும் பொய், குச்சி மேலயே தொங்குது.

— அப்ப நான் கேட்டது?

— நான் பேசறது கேக்குது. பொறியோட சன்னமான சத்தம்தான் கேக்கலை. இல்ல?

— ...எப்பத் தெரிஞ்சுது?

— ஓட்டை வாய் அகண்டு வர ஆரம்பிச்சப்பவே.

— அப்புறம் எதுக்குங்க தினமும் ‘உன் கையே கை’ன்னு தட்டிக்கொடுத்தீங்க?

— நீ சிரிப்பியேன்னுதான்...

— அகண்டதையெல்லாம் கழிச்சுட்டீங்க, இல்ல? ஏங்க... வாயைத் திறங்க. பச்சைக்குழந்தைக்கு மருந்து சொட்டுற முனைங்க அது, ஓட்டை பெருசானா மருந்து கூடிடும்!

— கழிச்சிருந்தா உன்னை அன்னிக்கே மெஷினை விட்டு எழுந்திருக்கச் சொல்லியிருப்பாங்க. எல்லாத்துக்கும்... நல்லதுன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டேன்மா.