அலையும் ஆர்கன்

“இது ரொம்ப நல்ல சத்தம் மச்சான், அதான் வேணாங்கறேன்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஆளுக்கொரு காதில் இயர்போன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், மடியிலிருந்த லேப்டாப்பில் இரண்டு சாஃப்ட்வேர்களின் ஆர்கன் ஒலியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான்.

“ரெண்டும் ஒண்ணாதானடா இருக்கு?” என்றான் நண்பன்.

“பழசு லேசா அலையும். பாடுறவுங்க சுருதி கொஞ்சம் எறங்குனாலும் அதுலயே கலந்துடும். புதுசு ஆடாம அசையாம நிக்கிது, சுருதி எறங்குனா தனியா தெரியும். போன ஞாயித்துக்கெழம இத வாசிச்சேன். கூடப் பாடிட்டிருந்த எங்கம்மா பாதியிலயே நிறுத்திட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“வயசாயிடுச்சி, இனிமே பாட நிக்கலன்னாங்க.”

பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் நண்பன் சொன்னான்:

“அப்ப பழசையே போட்டுடு.”

“போட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் அலைய விட முடியுமான்னு பாக்குறேன்.”