இடப்பக்கத்துக் கம்பி

எனக்கு வரிசை கலைந்தால் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். வீட்டில் பிள்ளைகள் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து விட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி பிரஸ் ஷாப்புக்கு நான்தான் ஃபோர்மேன். மெஷின்கள் எண்பத்தாறில் வெளிநாட்டிலிருந்து வந்தவை. தகட்டை உள்ளே வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். அதற்கு முன்னால் ஒரு கம்பி வந்து கையைத் தள்ளிவிடும். அந்தக் கம்பி வலப்பக்கம் மட்டும்தான் இருக்கும். மனுஷனுக்கு எது வழக்கமோ அப்படித்தானே செய்வார்கள்?

பக்கத்து ஊர் பாடியிலிருந்து வேலைக்கு வரும் செபாஸ்டியனுக்கு மட்டும் பீச்சாங்கை. அவனாகவே இடப்பக்கம் ஒரு கம்பியை போல்ட் போட்டு மாட்டிக்கொண்டான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எல்லோரும் ஒரு பக்கம் கை நீட்ட, ஒருவன் மட்டும் மறுபக்கம் நீட்டுவது யாருக்கோ எதையோ காட்டத்தானே? பிறகு, அவன் பக்கத்து மெஷினில் நிற்கும், வாயே திறக்காத வேம்புலி வந்து, மிதி தன் காலுக்கு உயரமாக இருக்கிறது, இறக்கித் தர முடியுமா என்று கேட்டான். யார் தூண்டிவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

"சோத்துக்கைக்கு மாறிக்கோப்பா" என்று செபாஸ்டியனிடம் தன்மையாகத்தான் சொன்னேன்.

"இந்த மெசினைச் செஞ்சவன் பீச்சாங்கைக்காரனா இருந்திருந்தா, இன்னிக்கி நீதான் அண்ணாத்தே தனியா நின்னுகினு இருப்ப" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். வேம்புலியும் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் அவர்கள் டீ குடிக்கப் போனபோது அவன் கம்பியின் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். பயமுறுத்தத்தான் சார். கம்பி ஆடுவதைப் பார்த்தால் தானாகவே மாறிவிடுவான் என்று நினைத்தேன்.

கழற்றியே எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்திருந்தால் அவன் கையை உள்ளே வைத்திருக்க மாட்டான். தளர்ந்தது தெரியாமலிருக்க மேலே கிரீஸ் பூசியதும் நான்தான். அவன் திரும்பி வந்து மிதியில் கால் வைத்தபோது எதிரில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நான்கு விரல்கள் போயின.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சோற்றுக்கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நன்றாகவே வருகிறது சார். நல்லபடியாகச் சொன்னபோதே கேட்டிருக்கலாம்.