மேடைக்கு வராதவள்

கலாதேவி: சாந்தினி! என்ன கோலம் இது? சேலை கட்டிக்கிட்டு வரச் சொன்னேன்ல? பத்தரைக்கு நம்ம காப்பகத்துக்கு நன்கொடை குடுக்குற டத்தோ வந்துருவாரு.

சாந்தினி: நான் மேடை ஏறலக்கா.

கலாதேவி: வெளயாடாத லா. அஞ்சு நிமிசம். போன தடவ பேசுன அதே கதைதான்.

சாந்தினி: அதான் வேணாங்கிறேன்.

கலாதேவி: நீ அன்னைக்குப் பேசுனதாலதான் இந்த எட்டு மிசினும் வந்துச்சு. மறந்துட்டியா? எத்தன பொம்பளைங்க இன்னைக்கு இதுல தச்சு சாப்பிடுறாங்க...

சாந்தினி: மறக்கல. நான் பேசுன வீடியோவ எம்மக ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களும் பாத்துச்சுங்க. ‘ஒங்கப்பா ஒங்கம்மா முதுவுல சுடுதண்ணி ஊத்துனாராமே’ன்னு கேட்டுச்சுங்களாம். தினேஸ்வரி அதுல இருந்து கேன்டீன் பக்கமே போகல.

கலாதேவி: அது... பிள்ளைங்க அப்படித்தான். சரி, சுடுதண்ணிய விட்டுரு. மத்தத பேசு.

சாந்தினி: மத்ததுன்னா? சட்டை வெட்டுறத பேசவா? ஒரு துணியில ரெண்டு பாவாடை எடுக்குறது எப்படின்னு பேசவா?

கலாதேவி: அத யாரு கேப்பா?

சாந்தினி: ஆமா... யாரும் கேக்கலக்கா. மூணு வருசமா இங்க வெட்டுறேன். வர்றவங்கள்ல ஒருத்தர்கூட என் துணியத் தொட்டுப் பாக்கல. முதுவப் பாக்கதான் வராங்க.

கலாதேவி: ரொம்பப் பேசுற பிள்ள. போலிஸ் ஜீப்புல, கால்ல செருப்பு இல்லாம வந்து எறங்குன. அன்னைக்கு யாரு ஒன் கையப் புடிச்சா?

சாந்தினி: நீங்கதான். அத நான் மறக்கல... மறக்க நீங்களும் விடல.

கலாதேவி: சாந்தினி!

சாந்தினி: இந்தாங்க, ரூம்பு சாவி.

கலாதேவி: என்னது? எதுக்கு?

சாந்தினி: ஆயர் தாவார் டவுன்ல ஒரு சீனத்தி தையக்கடை வச்சிருக்கு. வேல கெடச்சிருச்சு. மேல்மாடியில ஒரு ரூம்பும் குடுக்குது. பத்து மணி பஸ்ஸுக்குப் போறோம். தினேஸ்வரி வெளிய பையோட நிக்கிறா.

கலாதேவி: இன்னைக்கா? டத்தோ வர்ற அன்னைக்கா? ஜனவரிக்கு நானூறு ஸ்கூல் பாஜூ தச்சு முடிக்கணும் லா! யாரு வெட்டுவா?

சாந்தினி: விமலாவுக்குக் கத்துக் குடுத்துட்டேன். நல்லா வெட்டுறா.

கலாதேவி: இவ்வளவு செஞ்சிருக்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

சாந்தினி: சாவிய வாங்கிக்குங்கக்கா.

கலாதேவி: அந்தச் சீனத்திக்கு ஒன் வெவரம் தெரியுமா? ஒம்புருசன் தேடிக்கிட்டு வந்தா?

சாந்தினி: அதக் கேக்கல. ரெண்டு கெஜம் துணியக் குடுத்துச்சு. வெட்டிக் காட்டுனேன். வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு. ‘திங்கக்கெழம வா’ன்னுச்சு. அவ்வளவுதான்.

கலாதேவி: அவ்வளவுதானா? முன்ன எங்க வேல செஞ்ச, யாரு கீழ செஞ்ச...?

சாந்தினி: கேட்டுச்சு. ஒங்க நம்பரக் குடுக்கல.

கலாதேவி: ஏன்? நான் என்ன ஒன்னப் பத்திக் கெட்டதா சொல்லப் போறேன்?

சாந்தினி: விடுங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

கலாதேவி: இல்ல, சொல்லிட்டுப் போ. அந்த ஈப்போ ஹோட்டல் தையல் வேல கெடைக்காம போனதுல இருந்து நீ ஒரு மாதிரியாத்தான் இருக்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அவங்க எனக்குப் போனே பண்ணல. அன்னைக்கே சொன்னேனா இல்லையா?

சாந்தினி: சொன்னீங்க.

கலாதேவி: பெறகென்ன?

சாந்தினி: ‘வேல தங்கமா செய்வா. ஆனா பாவம், மனசு ஒடஞ்சவ. புருசன் பாராங் கத்தியோட வந்தாலும் வருவான், ஒங்க ஹோட்டலுக்கு எதுக்கு அந்தத் தொல்ல? என்னைய விட்டா அவளால தனியா நிக்க முடியாது...’

கலாதேவி: ...யாரு சொன்னா ஒனக்கு?

சாந்தினி: நீங்கதான். அந்த ஹோட்டலம்மா போன ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்க. நான் மேசைக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன்.

கலாதேவி: அது... ஒன் நல்லதுக்குத்தான் பிள்ள. அவன் வந்துட்டா என்ன ஆவும்னு பயந்துட்டேன்.

சாந்தினி: இருக்கலாம். அந்த வாரமே நானூறு பாஜூ ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டீங்க.

கலாதேவி: ரெண்டு மாசம் ஆச்சே... அப்ப எல்லாம் தெரிஞ்சிக்கிட்டேதான் தெனம் எங்கூட உக்காந்து சாப்பிட்டியா? சிரிச்சிப் பேசுனியா?

சாந்தினி: ஆமாக்கா. மகளுக்கு எஸ்.பி.எம். பரீட்ச முடியணும்ல? அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு நாள எண்ணுனேன். அவன் வீட்டுலயும் அப்படித்தான் இருந்தேன்.