வெள்ளை மூடி கேன்

— மூணாவது தடவையும் அதேதாங்க. நாப்பத்து மூணு.

— உப்பு அளக்கற கருவியோட கண்ணாடிய நல்லாத் துடைச்சியா? பழைய சொட்டு ஒட்டியிருந்தாக்கூட தப்பாக் காட்டும்னு நீதானே சொல்லுவ?

— துடைச்சேன். வெறும் தண்ணிய விட்டும் பாத்தேன், சைபர்ல நிக்குது. கருவி சரியாத்தான் இருக்கு, தொட்டிதான் சரியில்ல. கடல் மீனுக்கு முப்பத்தஞ்சுல இருக்கவேண்டிய உப்பு நாப்பத்து மூணுக்கு ஏறிக் கிடக்கு. ஆண் மீன் காலையிலயே மிதந்துட்டான். இப்ப இவளும் ஒருக்களிச்சுப் படுத்துட்டா. செவுள் அடிச்சுக்கறதப் பாருங்க.

— அட, விடும்மா, பாத்துக்கலாம். மீன் கடைக்காரருக்கு போன் போடட்டுமா?

— அவரு வந்து என்ன பண்ணப் போறாரு? ஒன்பது வருஷங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து என்கூட இருக்கற ஜோடி. விடும்மா, விடும்மான்னு சொல்லியே ஒண்ணு போயாச்சு.

— சரி, சரி. நான் என்ன பண்ணணும், அதச் சொல்லு.

— தொட்டித் தண்ணிய நாலு மக்கு மொண்டு கொட்டணும். பதிலுக்கு நாலு மக்கு வெறும் தண்ணி விடணும். இன்னிக்கு அவ்வளவுதான்.

— நாலே மக்கா? பாதிய இறைச்சுட்டுப் புதுசா நிரப்பிட்டா ஒரேயடியா சரியாயிடுமே?

— ஒரேயடியா செத்துடும். பட்டினி கிடந்தவனுக்கு விருந்து போட்டுக் கொல்ற மாதிரி. அவ உடம்பு இந்த உப்புக்குப் பழகிக் கிடக்கு, சடார்னு குறைச்சாத் தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் இறக்கலாம்.

— அப்போ ஒரு வாரத்துக்கு மேல இவ இப்படியே கிடக்கணுமா?

— உசுரோட கிடந்தாலே பெரிசு. தப்பு என் மேலதாங்க. போன தடவ உப்பு ஏறினப்போ, 'நான்தான் போட்டேன்'னு மாமாவே, உங்க அப்பாவே வாயால ஒத்துக்கிட்டதும், நான் ஒரு வாரம் லீவு போட்டு, பக்கத்துலயே உக்காந்து முப்பத்தாறுக்கு இறக்கினேன். அவரும் உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு. இனி யாரு உப்புப் போடப் போறான்னு நிம்மதியா இருந்துட்டேன். பதினாறு நாளா அந்தக் கருவியத் தொடவே இல்ல.

— அதுக்கு இப்ப அழுது என்ன ஆகப்போகுது?

— அழாம என்ன பண்றது? அவரு போனப்புறமும் ஏறியிருக்கேங்க! பேயா வந்து போடுது? இந்த வீட்ல இருக்கறது நீங்களும் நானும்தான்.

— என்ன ஏன் அப்படிப் பாக்கற? நான் எதையும் போடல. காலையில தொட்டியில போட்ட கோட்டுக்குக் கீழ தண்ணி இறங்கியிருந்தா, நீ சொன்னபடி கோடு வரைக்கும் ஊத்தறேன். அத விட்டா அந்தப் பக்கமே போறதில்ல.

— சரி, வாய் பேசிட்டிருந்தா இவ போயிடுவா. அந்தத் தண்ணிய எடுத்துட்டு வாங்க.

— எது, தினமும் ஊத்தறதா?

— ஆமா, அதேதான். சீக்கிரம்.

— இந்தா. மூடியத் தொறந்தே கொண்டாந்துட்டேன்.

— இது வெள்ளை மூடி கேனாச்சே?

— ஆமா. நீல மூடி நாம குடிக்கறது. இதுதானே தொட்டிக்கு?

— நகருங்க. கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாக்கறேன்... கரிக்குது. ஐயோ, கரிக்குதுங்க! இது ஞாயித்துக்கிழமை தண்ணி மாத்தறதுக்காக நான் உப்புக் கலந்து வைக்கறது!

— கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே ஊத்தணும்? கேன் காலியானாக்கூட உன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னு, பாக்கெட்ல போட்டிருக்கற மாதிரியே நானே அளந்து கலக்கி வெச்சுடுவேன்.

— எத்தன நாளா?

— தண்ணிய தானா விடுமே அந்த பம்பு, அது கெட்டுப்போன அன்னியிலேர்ந்து. நீ விடிகாலையிலயே வேலைக்குக் கிளம்பிடற. நான் எட்டு மணிக்கு மூணு லிட்டர் ஊத்திட்டுத்தான் குளிக்கவே போவேன். நீ லீவு போட்ட அந்த வாரம் மட்டும் நீயே ஊத்தின.

— ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தாங்க. உப்பு எங்கயும் போகாது, தொட்டியிலயேதான் கிடக்கும். அது மேல தினமும் மூணு லிட்டர் உப்புத் தண்ணி. நூறு கிராம் உப்பு. தினமும் நூறு கிராம்!

— எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது.

— நான் சொல்லலியே. ஊரே குடிக்கற தண்ணிய லேப்ல சோதிச்சுக் கையெழுத்துப் போடறேன். என் வீட்ல எந்தக் கேன்னு ஒரு வார்த்த சொல்லல. 'கேன் தண்ணிய ஊத்துங்க'ன்னு சொல்லிட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிட்டேன்... நான் மொண்டு கொட்டறேன், நீங்க நீல மூடிய எடுங்க. அவ மேல படாம, ஓரமா. நூல் மாதிரி விடுங்க.

— போதுமா?

— இன்னும் ரெண்டு மக்கு. மெதுவா.

— மூச்சு இருக்கா?

— இருக்கு. விட்டு விட்டு வருது... ஏங்க, அப்போ மாமா?

— முதல்ல இவளப் பாரு.

— தொண்டைக்கு வாய் கொப்பளிக்க அலமாரியில ஒரு உப்பு டப்பா வெச்சிருந்தாரு. அத வெச்சுத்தானே நான் அந்த ஆட்டம் ஆடினேன்? 'உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்'னு எழுபத்திரண்டு வயசு மனுஷன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேனே! அவரு டப்பாவக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு.

— அட, விடும்மா.

— விடுன்னு இன்னொரு தடவ சொல்லாதீங்க! நாலு நாள் 'நான் தொடவே இல்லம்மா'ன்னு ஒத்தக்கால்ல நின்னவரு, அஞ்சாம் நாள் வந்து 'நான்தாம்மா, தெரியாமப் போட்டுட்டேன்'னாரு. போடாத மனுஷன் எதுக்குங்க ஒத்துக்கணும்?

— மக்கக் கீழ வை. முதல்ல உக்காரு.

— போன் போடுங்க அவருக்கு. நானே கேக்கறேன்.

— வேணாம். அவரக் கேக்காத.

— ஏன்?

— நான்தான் ஒத்துக்கச் சொன்னேன். நீ சோறு தண்ணி இல்லாம இந்தத் தொட்டி முன்னாடியே கிடந்த. யாராவது ஒருத்தர் ஆமான்னு சொன்னாத்தான் இந்த வீடு அடங்கும்னு அவரு கையப் புடிச்சுக் கெஞ்சினேன்.

— அவரு ஒண்ணுமே சொல்லலியா?

— 'நீயும் நான்தான்னு நினைக்கறியாடா?'ன்னு மட்டும் கேட்டாரு. நான் வாயத் தொறக்கல.