மானெஸின் வாயில் வைத்த ராஜா

கடற்காற்று ஈரமாக வந்தால் என் வலது தோள் வலிக்கும், ஐயா. விலங்கைத் தளர்த்தச் சொன்னீர்கள், நன்றி. அந்த மூலையில் யாராவது குந்தியிருக்கிறார்களா? இல்லையென்றால் சரி, சொல்கிறேன்.

இது இருபத்திரண்டு வருஷம் அலெக்சாந்திரியாவின் நாணயச்சாலையில் சம்மட்டி அடித்த தோள். மானெஸ் தரையில் குந்தி, சூடான தங்க வில்லையைக் கீழச்சில் வைத்து, மேலச்சைப் பிடித்துக்கொள்வான். நான் அடிப்பேன். ராஜாவின் முகம் விழும். அத்தனை வருஷத்தில் அவன் நகத்தில்கூடச் சம்மட்டி பட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கை தவறுகிறவன் இல்லை.

தினமும் வேலை முடிந்ததும் காவலன் ஓரோஸ் எங்கள் வாயைச் சோதிப்பான்.

"வாயத் தொறடா. ராஜா உள்ள படுத்திருக்காரா பாப்போம்."

"இந்த நாத்தத்துல அவரு எங்கண்ணே படுப்பாரு? கீழ் வழியா வரேன்னுட்டாரு. காலையில வந்து கிளறிப் பாருங்க" என்பான் மானெஸ். ஓரோஸ் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைப்பான்.

என் மகள் மிர்த்தோவுக்கு ஆறு வயது. அவளுடைய எஜமான் எண்ணெய் வியாபாரி. சைப்ரஸ் கப்பலில் ஏற்றி விற்கப்போவதாகச் சொன்னார். வேண்டுமானால் ஒரு பொற்காசுக்கு நான் மீட்டுக்கொள்ளலாம். நல்ல மனுஷன், பத்து நாள் தவணையும் கொடுத்தார். மானெஸிடம் சொன்னேன்.

"நான் செத்தா என் வாயில ஒண்ணப் போட்டு அனுப்புடா மச்சான்" என்று சிரித்தான். "பொணத்தோட வாய எவன் தொறப்பான்?"

உண்மைதான். செத்தவன் வாயில் செப்புக்காசு வைப்போம், அக்கரை சேர்க்கும் ஓடக்காரனுக்கு. அப்படி வைத்து மூடிய வாயைத் திறந்தால் குலம் விளங்காது. எனக்கு அது தோன்றவே இல்லை. யோசனை அவனுடையது. நான் நண்பன் பேச்சைக் கேட்டேன், அவ்வளவுதான்.

எட்டாம் நாள், அச்சில் ஒட்டிய தூசியை ஊத மானெஸ் குனிந்தான். அடித்தேன். ஒரே அடி.

எல்லோரும் கை தவறிவிட்டது என்றார்கள். மேற்பார்வையாளர் என்னைத் தட்டிக்கொடுத்துச் செப்புக்காசு ஒன்று தந்தார். வாயில் வைத்தது நான்தான். அதனடியில், கடைசியாக அடித்த பொற்காசையும் வைத்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் நாக்கும்.

தங்கத்தில் ஒன்று குறைந்தது. ரத்தத்தோடு சாக்கடையில் போயிருக்கும் என்று தேடினார்கள். ஓரோஸ் என் வாயை நன்றாகவே பார்த்தான். பிணத்தைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

மானெஸுக்கு வேறு யாருமில்லை. மணலில் நானே குழி தோண்டினேன். தாடை இறுகிவிட்டது, உளியால் நெம்பினேன். அவசரத்தில் இரண்டு காசுமே கையோடு வந்துவிட்டன. குழியை மூடிய பிறகுதான் பார்த்தேன். மறுபடி தோண்டத் தோளில் தெம்பில்லை.

செப்புக்காசுக்கு மிர்த்தோவுக்கு அத்திப்பழம் வாங்கினேன்.

எஜமான் பொற்காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருடா இது?"

"ராஜாங்க."

"ராஜாவா? மீசையே மொளைக்காத பய மாதிரி இருக்கான்?"

புது ராஜாவின் முகம் அது. முடிசூட்டு விழாவில்தான் அந்தக் காசு வெளியே வரும். மாதக்கணக்கில் நான் தினமும் பார்த்த முகம். ஊர் இன்னும் பார்க்கவில்லை என்பது புத்தியில் ஏறவே இல்லை. எஜமான் உங்களுக்கு ஆள் அனுப்பினார்.

கப்பல் மறுநாள் போய்விட்டது. மிர்த்தோ அத்திப்பழத்தைத் துணியில் முடிந்துகொண்டு ஏறினாளாம்.

இப்போது அந்த மூலையைப் பாருங்கள், ஐயா. உங்கள் எழுத்தருக்குப் பின்னால். மானெஸ்தான். ஓடக்காரன் ஏற்றாமல் திருப்பி அனுப்பியிருக்கிறான். கோபமெல்லாம் இல்லை. ஓரோஸிடம் காட்டுவது மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறான். உள்ளே ஒன்றுமில்லை.

தங்கம் உங்களிடம் வந்துவிட்டது. ராஜாவுக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லை. மானெஸுக்கு ஒரு செப்புக்காசு தரவேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.