பதினாறு முடியட்டும்

எங்கள் சந்துக்குள் காற்று வராது, இன்ஸ்பெக்டர் சாகேப். அதனால் ஒரு பேனர் கட்டினால் கிழியாமல் பல நாள் நிற்கும். என் மனைவி விஜயராணியின் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் புதிதுபோல் இருக்கிறது. அதில் மூன்றாம் தேதி, சுடுகாட்டு ரசீதில் பதினாறாம் தேதி. அது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்?

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி மேசை போட்டிருந்தது. பெண்களுக்கு வட்டி குறைவு என்று அவள் பெயரிலேயே கடன் தந்தார்கள். தவணை தவறியதும் வசூலுக்குச் சுரேந்திரன் வந்தான். கோவில்பட்டிக்காரன். மற்றவர்களைத் திட்ட இந்திக்காரர்கள் இருக்கிறார்கள். தாராவிக்கென்று தமிழில் திட்ட இவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். என் பட்டறை முதலாளி, மச்சினன், கோயில் கமிட்டி என்று ஒருவர் விடாமல் போன் போட்டான்.

ஒருநாள் சந்து முனையில் நின்று அவள் பெயரைக் கத்தினான். நான் வெளியே வந்து, அவள் செத்துப்போனாள், உடலை ஊருக்கு அனுப்பியாயிற்று என்றேன். உள்ளே அவள் பல்லாரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சுரேந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நல்ல வளர்ப்பு. பிறகு சந்து முழுக்க ஒரு பார்வை பார்த்தான்.

"பேனரக் காணமே அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் பேனர் இல்லாமல் யாரும் சாவதில்லை.

"சாயங்காலம் வருது" என்றேன்.

"பதினாறு கழிஞ்சதும் சர்டிபிகேட் கொண்டாங்க. கடனத் தள்ளிருவாக."

அவளைத் தாராவியைவிட்டுத் தள்ளி, சீத்தா கேம்பில் அவள் சிநேகிதி ஷரீஃபுன்னிசா வீட்டில் விட்டேன். கம்பெனி மேசை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இனிப் போகமுடியாது; டயாலிசிஸ் நின்றது. பேனர் செலவை எங்கள் சங்கத் தலைவர் பூலோகம் ஏற்றார். கருப்புக் கண்ணாடியோடு அவர் படம் ஆளுயரம். இவள் படம் மூலையில், தபால்தலை அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் போனது அவர்தான் என்று தோன்றும். இரண்டொருவர் ஆவலோடு ஓடிவந்து ஏமாந்தார்கள். சுரேந்திரன் அதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினான்.

போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "அவரு மூஞ்சிய எதுக்கு இம்புட்டுப் பெருசா போட்டிய? என் மூக்குத்தியே தெரியல."

ஆறாம் நாள் கால் வீங்கிவிட்டது என்றாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஷரீஃபுன்னிசா கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். அங்கே வார்டு வேலையில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். பேனருக்கு மாலை போட்டு வணங்கிய பொம்பளை வரிசையில் நின்றால் பூலோகத்தின் மரியாதை என்ன ஆவது?

பத்தாம் நாள் மூச்சு வாங்கியது. "ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"பதினாறு முடியட்டும்" என்றேன்.

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. பதினான்காம் நாள் விடியும்போது போய்விட்டாள். டாக்டர் சர்டிபிகேட், ரசீது, எல்லாம் ஒரே நாளில் முறையாகக் கிடைத்தன. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குச் சுரேந்திரனும் வந்தான். வடையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். கம்பெனியில் யாரோ தேதியைப் படித்திருக்கிறார்கள்.

கொன்றேன் என்று எழுதுகிறீர்களா? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கம்பெனியை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சாகேப். நான் பொய் சொல்லவில்லை. பதின்மூன்று நாள் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.